ஒரு துண்டுதானே, மகன்!

கல்முனைப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளையின் ஏழு தலைமுறையையும் விசாரித்து முடிப்பார்கள். என்ன தொழில், எத்தனை ஏக்கர் வயற்காணி, கடன் உண்டா, சிகரெட் உண்டா, சுபஹுக்குப் பள்ளிக்குப் போகிறாரா, முன்கோபமா என்றெல்லாம் கேட்பார்கள். மாப்பிள்ளை என்ன சாப்பிடுவார் என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்க என்ன இருக்கிறது? ஆண்பிள்ளை, முஸ்லிம், பல் வரிசையாக இருக்கிறது. இறைச்சி சாப்பிடுவார். அந்த ஒரு கேள்வி விடுபட்டதால்தான் எனக்குக் கலியாணம் நடந்தது என்று இன்றுவரை நம்புகிறேன்.

நான் மருதமுனைக்காரன், கைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். மணமுடித்தது பெரியநீலாவணையில். வடக்கே பக்கத்து ஊர். பிரதான வீதியால் நடந்தே போகலாம். கிழக்கில் எங்கள் சமூகத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். இந்த வழக்கத்தால் பெண்ணுக்கு வீடு நிலைக்கிறது, காணி நிலைக்கிறது என்று படித்தவர்கள் மெச்சுவார்கள். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு இதில் கிடைக்கும் நன்மையை யாரும் கவனிப்பதில்லை. என்னைப் பெற்ற நாளிலிருந்து சுமந்துவந்த பாரத்தை என் உம்மா ஒரே இரவில், புதுச் சட்டை போட்டு அத்தர் பூசி, இன்னொரு பெண்ணின் அடுப்படியில் இறக்கிவிட்டுப் போனார். போகும்போது மாமியின் காதில் சொன்னது இவ்வளவுதான்: "புள்ள சாப்பாட்டுல கொஞ்சம் அப்பிடித்தான்."

அந்தக் "கொஞ்சம் அப்பிடி"க்குள் அடங்குபவை பின்வருமாறு. மாடு, ஆடு, கோழி வேண்டாம். கடலில் நீந்துவது எதுவும் வேண்டாம். வாவியில் நீந்துவதும் வேண்டாம். நெத்தலி, கூனி, கருவாடு, இவை நீந்துவதை நிறுத்தி நெடுநாளானாலும் வேண்டாம். இத்தோடு நின்றிருந்தால் சைவக்காரன் என்று ஒரு கௌரவமாவது கிடைத்திருக்கும். வெண்டிக்காய் வழுவழுக்கும், ஆகவே வேண்டாம். பூசணிக்காய் கறிக்குள் கிடந்து இனிக்கும். பீற்றூட் சோற்றைச் சிவப்பாக்கிவிடும். அவித்த முட்டையின் மஞ்சள்கரு தொண்டையில் அப்பும். ஆனால் ஓரம் முறுகப் பொரித்த முட்டை என்றால் இரண்டு போடலாம். கொள்கை உள்ளவனுக்குச் சமைப்பது எளிது. என்னிடம் கொள்கை கிடையாது, நாக்கு மட்டும்தான் இருக்கிறது.

இறைச்சி தின்னாத ஒருவனைக் கண்டால் எங்கள் ஊருக்கு முதலில் வருவது இரக்கம், அடுத்து வருவது சந்தேகம். ஏதும் வருத்தமா? டொக்டர் நிற்பாட்டச் சொன்னாரா? நேர்த்தி வைத்ததா? சின்ன வயதில் மாடு ஏதும் முட்டினதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னால் சந்தேகம் முற்றிவிடும். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் உடன்பட்டபோது என் பாடு இன்னும் மோசமாகியது. மனைவியின் பெரியப்பா ஒருவர் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மருமகன், நீங்க ஆர்ர ஆள்?" நான் எந்தக் கட்சியின் ஆளும் இல்லை, மாட்டின் ஆளும் இல்லை என்று விளங்கப்படுத்தி முடிய அவருடைய பிளேன்ரீ ஆறிப்போய்விட்டது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று ஒரு மௌலவியிடம் கேட்டேன். ஹலாலானதைத் தின்னாமல் விடுவது குற்றமில்லை, அதை ஹராம் என்று சொன்னால்தான் பிழை என்றார். கூடவே ஒரு ஹதீஸையும் சொன்னார். பொரித்த உடும்பு விரிப்பில் வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, என் மக்களின் பூமியில் இது இருந்ததில்லை, அதனால் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் உண்ணவில்லை, ஒருவர் உண்டார், இருவருக்கும் இடையில் ஒரு மனவருத்தமும் இல்லை. இந்த ஹதீஸை நான் விருந்துகளுக்கென்றே கவனமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். முதன்முதலில் சொல்லிப் பார்த்தது மச்சானிடம். முழுவதையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அது உடும்பு. இது மாட்டு ஈரல்" என்று தட்டில் வைத்தான்.

ஆனாலும் இறைச்சியிடமிருந்து தப்புவது பெரிய காரியமில்லை. அது பெரிதாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, பெயர் சொல்லிக்கொண்டு வருகிறது. மாசி அப்படியல்ல. சூரை மீனை அவித்து, புகை பிடித்து, வெயிலில் கட்டையாகும்வரை காயவைத்தால் அது மாசி. உரலில் போட்டு இடித்தால் தூள். தூளானதும் எங்கள் பெண்களின் கணக்கில் அது மீன் வகையிலிருந்து நீங்கி உப்பு, மிளகாய், மஞ்சள் வகையில் சேர்ந்துவிடுகிறது. தேங்காய்ச் சம்பலில் மாசி உண்டு. சீனிச் சம்பலில் உண்டு. கட்டச் சம்பலில் இல்லாவிட்டால் அது சம்பலே அல்ல. பருப்புக்குத் தாளிக்கும்போது ஒரு சிட்டிகை, முருங்கையிலைச் சுண்டலில் ஒரு சிட்டிகை, கத்தரிக்காய்க்குள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பிடி.

"மாமி, இதுக்குள்ள மாசி போட்டீங்களா?"

"சே, இல்ல மகன். சும்மா வாசத்துக்கு."

பதினான்காம் நூற்றாண்டில் மாலைதீவில் காழியாக இருந்தவரும், 1344 இல் இலங்கைக்கு வந்தவருமான இப்னு பதூதா தம் பயண நூலில் இந்தக் காய்ந்த மீனைப்பற்றி எழுதியிருக்கிறார். அதன் மணம் ஆட்டிறைச்சியின் மணத்தை ஒத்தது என்பது அவர் கருத்து. ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன்னரே ஒரு காழி தந்துவிட்டுப் போன தீர்ப்பு! வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது என்ற துள்ளலோடு மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஆட்டிறைச்சி வாசமாமா? அப்ப நல்ல சாமான்தானே மகன்" என்றார்.

சட்டத்தால் முடியாதது சமையல் வரிசையால் முடிந்தது. எங்கள் வீட்டுச் சம்பலில் மாசி கடைசியாகத்தான் போடப்படும். செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ எல்லாம் இடிபட்டு, தேசிக்காய்ப் புளியும் விட்டபின், மாசி டப்பா திறக்கப்படுவதற்கு முன் ஒரு பிடியைத் தனிக் கோப்பையில் எடுத்துவைத்தால் போதும். இதற்கு எங்கள் வீட்டில் "முன்பங்கு" என்று பெயர். மாசி போன இடம் வெறுமையாக இருந்தால், வெங்காயத்தை நன்றாகச் சிவக்கப் பொரித்து நொறுக்கிச் சேர்க்கலாம். மாசி செய்கிற வேலையில் பாதியை அது செய்துவிடும். சீனிச் சம்பலுக்கு அதுவும் தேவையில்லை. வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் பொறுமையாக வதக்கி, ரம்பை, கறுவா, ஏலம், புளி, சீனி என்று போட்டு இறக்கினால், மாசி இல்லாத குறையை நாம் சொல்லும்வரை யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஆகவே சொல்லக்கூடாது.

இனி, என்னைப்போல ஒருவனை வீட்டில் வைத்துக்கொண்டு என்னத்தைச் சமைப்பது என்று தலையில் கைவைத்திருக்கும் உம்மாமார், மாமிமார், மனைவிமாருக்குச் சில யோசனைகள்.

காலைக்குக் கவலையே வேண்டாம். புட்டு இருக்கிறது. அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி விழுந்து ஆவியில் வெந்து வரும்போது, ஒரு சட்டி எருமைத் தயிரும் இரண்டு வாழைப்பழமும் பக்கத்தில் இருந்தால், மட்டக்களப்பு வீதியில் இதற்கு மேலான காலைச் சாப்பாட்டை எந்த ஹோட்டலும் தந்துவிடாது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த வாழ்க்கைக்குப் "புட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். இரண்டு சமூகமும் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருக்கும் பெரியநீலாவணையில் ஒலிபெருக்கி கட்டினால் கட்டாயம் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் ஒரு அரசியல்வாதிகூடப் "பராட்டாவும் மாட்டிறைச்சியும் போல" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒற்றுமைக்கு உவமை தேடிய நேரத்தில் ஊர் நம்பியது என் கோப்பையைத்தான்.

புட்டு அலுத்தால் இடியப்பமும் பாலாணமும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு இரண்டாம் பாலில் கொதிக்கவைத்து, முதற்பால் விட்டு இறக்கித் தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: பாலாணத்தைக் கலக்காமல் கோப்பையில் ஊற்றக்கூடாது. அடியில் ஒரு மீன் தலை ஓய்வெடுத்துக்கொண்டிருக்கலாம்.

பகல் சோற்றுக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன். கோப்பையில் ஒன்று பாலாக இருக்கவேண்டும், ஒன்று உறைப்பாக இருக்கவேண்டும், ஒன்று முறுகலாக இருக்கவேண்டும். நாக்கு நீண்டவர்களின் கோபம் பெரும்பாலும் சுவையோடு அல்ல, பல்லுக்கு வேலையில்லாத சாப்பாட்டோடுதான். எல்லாமே குழைந்து கிடந்தால் எழும்பிப் போய்விடுவார்கள். முறுகல் ஒன்று இருந்தால் மற்ற இரண்டையும் மன்னிப்பார்கள்.

பாலாக இருப்பதற்குப் பருப்பு எந்நாளும் உண்டு. காலம் வந்தால் மரமுந்திரிகைக் கொட்டை, அதாவது கஜு. எங்கள் கரையோர மணலில் முந்திரிகை மரம் கேட்டுக் கேள்வியில்லாமல் வளரும். பச்சைக் கொட்டையின் தோலை உரிக்கும்போது பால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு முதலில் ஸலாம் சொல்லவேண்டும். உரித்த கொட்டையைத் தேங்காய்ப் பாலில் மஞ்சளும் ரம்பையும் கறுவாவும் போட்டுக் காய்ச்சினால், மாட்டிறைச்சிச் சட்டியைச் சுற்றி நிற்கிறவர்களும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். இந்தத் திரும்பிப் பார்த்தல்தான் பின்னால் எனக்கு வினையாக வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உறைப்புக்கு ஈரப்பலாக்காய். எங்கள் வீடுகளில் இறைச்சிக்குக் கொடுக்கும் மரியாதையைப் பாருங்கள். காலையிலேயே வெட்டிக் கழுவி, இஞ்சி, உள்ளி அரைத்துப் பிரட்டி, ஊறவைத்து, வறுத்த தூள் தனி, ஏலம், கறுவா, கராம்பு தனி, அடுப்பில் ஒரு மணித்தியாலம், நடுவில் மூன்று பேர் வந்து உப்புப் பார்ப்பார்கள். அதே வீட்டில் மரக்கறிக்குப் பத்து நிமிடம். தண்ணீரும் மஞ்சளும் விட்டு அவித்து, "ஆ, ஒங்கட கறி" என்று கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு மரக்கறியில் சுவையில்லை என்பார்கள். ஈரப்பலாக்காயைப் பெரிய துண்டாக வெட்டி, லேசாகப் பொரித்து, இறைச்சிக்குப் போடுகிற அத்தனையையும் குறைக்காமல் போட்டு, பிரட்டலாக இறக்கிப் பாருங்கள். அதே மணம், அதே நிறம். என் மனைவியின் பெரியப்பா ஒருநாள் இருட்டில் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "நல்ல இளங்கன்று" என்று சொல்லிப்போட்டார். நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை.

இளம் பலாக்காயும் இதே வித்தைக்குப் படியும். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர் வெள்ளைக்காரன் காலத்தில் நாடெங்கும் பலாக்கன்று நடுவித்தார். பஞ்சம் வந்தால் சனம் பட்டினி கிடக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். சிங்கள மக்கள் அவரைக் "கொஸ் மாமா", அதாவது பலா மாமா என்றே அழைத்தார்கள். இன்றைக்கு அதே பிஞ்சுப் பலாக்காயைத் தகரத்தில் அடைத்து, இறைச்சிக்குப் பதில் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கிறார்கள். நம் கொல்லையில் வௌவால் தின்று விழுத்துவதை லண்டனில் வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்று சொன்னால் மாமி நம்பமாட்டார். அங்கேயும் மருமகன்மார் இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவார்.

முறுகலுக்குப் பாகற்காய். கசக்கும் என்று ஓடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மெல்லிய வட்டமாகச் சீவி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, சருகாகும்வரை பொரித்து, சாப்பிட உட்காரும் நேரத்தில் வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்க்கவேண்டும். முன்னரே சேர்த்தால் நமுத்துப்போகும். பாகற்காய் அகப்படாத நாளில் வாழைக்காய்ச் சீவல், மோர் மிளகாய், அப்பளம்.

சோற்றுக்குப் பஞ்சமில்லை. பெரியநீலாவணையில் பிறந்து, ஊரின் பெயரிலிருந்தே தம் புனைபெயரை எடுத்துக்கொண்ட கவிஞர் நீலாவணன் (1931–1975) "வேளாண்மை" என்றே ஒரு காவியம் எழுதினார். எங்கள் பக்கத்தில் வேளாண்மை என்றால் நெல்தான். நெல்லுக்குக் காவியம் இருக்கிறது, கோழிக்கு இல்லை என்பதையும் மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன். கோழிக்குக் காவியம் எழுத ஆறவிடுவார்களா என்று கேட்டான்.

இரவுச் சாப்பாடுதான் ஆபத்தானது. காரணம், இரவில் கடைக்குப் போவோம். கொத்து ரொட்டிக் கடையில் "மரக்கறிக் கொத்து" என்று சொல்லும்போது கொத்துகிறவரின் கை ஒரு தாளம் தவறும். கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் ஒழுங்காகப் போடுவார். கடைசியில் ஒரு பெரிய அகப்பையால் செக்கச்செவேல் என்று ஒன்றை ஊற்றுவார்.

"அது என்ன காக்கா?"

"பயப்புடாதீங்க தம்பி. இறைச்சி ஒண்டும் இல்ல. இறைச்சி ஆணம் மட்டுந்தான்."

ஆகவே இரவில் வீட்டு ரொட்டியும் முன்பங்குச் சம்பலுமே பாதுகாப்பு. சோயா மீற் என்ற ஒன்றும் கடைகளில் தொங்குகிறது. கொழுப்பெடுத்த சோயா மாவிலிருந்து செய்யும் இந்த உலர்ந்த துண்டுகளைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து கறியாக்கலாம், புரதத்துக்குக் குறைவில்லை. ஆனால் பக்கற்றின்மேல் கோழிச் சுவை, கணவாய்ச் சுவை என்றெல்லாம் போட்டிருக்கும். நான் எதற்குப் பயந்து ஓடிவந்தேனோ அதன் பெயரையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறது. சுவைத்தூள் பையைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுத் தூளில் காய்ச்சினால் சமாதானமாகப் போகலாம்.

மாதத்தில் ஒருநாள் இந்த நாட்டின் சட்டமே என் பக்கம் நிற்கிறது. போயா தினத்தில் இறைச்சிக் கடை திறக்கக்கூடாது. அன்றைக்காவது வீடு முழுவதும் என்னோடு சேர்ந்து சாப்பிடும் என்று கலியாணமான புதிதில் ஆவலாக இருந்தேன். போயாவுக்கு முதல்நாள் மாமா இரண்டு மடங்கு இறைச்சியோடு வந்து இறங்கினார். கடையைத்தான் அரசாங்கம் மூடலாம், பிரிட்ஜை மூட முடியாது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இறைச்சி நிச்சயம். ஜும்ஆ முடிந்து வருகிறவர்களுக்கு அது உரிமை. அதே வெள்ளிக்கிழமை பக்கத்து வளவு மாஸ்டர் வீட்டில் சைவம். ஓய்வுபெற்ற ஆசிரியர், சாப்பாட்டில் நேரம் தவறாதவர். தொழுகை முடிந்து வரும்போது மதிலுக்கு மேலால் ஒரு சத்தம் கேட்கும்: "தம்பி, இண்டைக்கு வாழைக்காய்ப் பால்கறி." கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் எனக்கு அங்கே கணக்குத் திறந்திருக்கும். மாஸ்டரின் மனைவி ஒருதரம் சிரித்துக்கொண்டே கேட்டார், "மச்சம் காய்ச்சாத நாளாப் பாத்து வாறீங்களே தம்பி, நாங்க விரதம் முடிப்பமா, இல்ல உங்களுக்காக இழுப்பமா?" கணக்கு ஒருபக்கமாக நிற்கவில்லை. நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டு ஆட்டிறைச்சிப் புரியாணியில் என் பங்கு மதிலால் அந்தப் பக்கம் போகும். நான் அவர் வீட்டு விரதத்தைப் பிடிக்கிறேன், அவர் எங்கள் வீட்டுப் பெருநாளைப் பிடிக்கிறார். இன ஒற்றுமைக் கூட்டங்களில் எங்கள் இருவரையும் மேடையில் ஏற்றாதது அமைப்பாளர்களின் நட்டம்.

மற்றக் காலங்களிலும் வழி இருக்கிறது. நோன்புக் கஞ்சிக்கு இறைச்சி போடாமல் இஞ்சி, உள்ளி, வெந்தயம், தேங்காய்ப்பால் மட்டும் சேர்த்துக் காய்ச்சலாம். நோன்பு திறக்கிற நேரத்தில் பசி இருக்கிற அளவுக்கு ஆராய்ச்சி இருக்காது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சிப் பைகள் வாசலில் வந்து குவியும்போது, யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடமே விடுகிறார்கள். ஊரிலேயே நல்ல துண்டு தனக்கு ஒதுக்கமாட்டான் என்று முழு நம்பிக்கைக்குரிய ஒரே ஆள் நான்தான்.

பிறகு 2022 வந்தது. முந்திய வருடம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியதில் வயல் ஏற்கெனவே இளைத்துப் போயிருந்தது. இப்போது மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன. தீவனம் இல்லாமல் கோழிக்கூடுகள் வெறுமையாயின. காஸ் சிலிண்டர்கள் வீதியோரம் வரிசையில் நின்றன. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், சாதாரண பாஷையில் சொன்னால், போன வருடம் ஒரு சாமானுக்குக் கொடுத்த காசை ஏறக்குறைய இன்னொரு தரமும் கொடுக்கவேண்டும். இறைச்சியை விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மனிதர்களைக் கண்டேன். ஊர் முழுவதும் என் கட்சிக்கு மாறியது, ஒருவரும் விரும்பி வரவில்லை.

அப்போதுதான் மாமியின் மதிப்பு உயர்ந்தது. மருமகன் என்ற சோதனையைப் பொறுமையோடு அனுபவித்த ஒரே பெண், இறைச்சியில்லாமல் ஒரு குடும்பத்தை எப்படிச் சோற்றின்முன் உட்காரவைப்பது என்று தெரிந்த ஒரே பெண் அவர்தான். ஈரப்பலாக்காய்க்கு எத்தனை கரண்டி தூள், பலாக்கொட்டையை எப்படி உரிப்பது, மாசியில்லாமல் சம்பலை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று கேட்டுப் பக்கத்து வீட்டு மதினிமார் வந்தார்கள். மாமி கதிரையில் உட்கார்ந்து, "எல்லாத்துக்கும் கை பழகணும். நாங்க இதெல்லாம் எப்பவோ தொடங்கினது" என்றார். எதற்காகத் தொடங்கினது என்பதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் என்மேல் இருந்த பழைய கணக்கில் ஒரு பாதியாவது கழிந்துபோயிருக்கும்.

விலை இறங்க ஊர் மீண்டும் இறைச்சிக்கடைக்குத் திரும்பியது. ஆனால் எல்லாரும் திரும்பவில்லை. கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் என்றும் பிரசர் என்றும் துண்டு கொடுத்து அனுப்பிய சில பெரியவர்கள் மரக்கறியிலேயே தங்கிவிட்டார்கள். எனக்குத் துணை கிடைத்தது என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கலியாண வீட்டுக்குப் போகும்வரை.

கலியாண வீட்டுச் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர். இத்தனை வருடமாக எந்தக் கலியாண வீட்டிலும் எனக்கு இடம் பிடிக்க ஆள் இருந்தார்கள். "இஞ்ச வாங்க மச்சான், இஞ்ச" என்று நாலு பக்கமும் கை அசையும். பாசம் என் மேலல்ல, என் பங்கு இறைச்சியின் மேல். நான் உட்கார்ந்த சஹனில் ஆறு பேரின் இறைச்சியை ஐந்து பேர் தின்னலாம். பதிலுக்கு அந்த ஐந்து பேரும் கஜுக்கறியையும் பொரித்த கத்தரிக்காயையும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். நெய்ச்சோறு, கஜு, கத்தரிக்காய், அச்சாறு. ஒரு அரசன் இதற்குமேல் என்ன கேட்பான்? மனம் கூசினால் இன்னொரு ஹதீஸ் கைவசம் இருக்கிறது. ஒரு தையற்காரர் கொடுத்த விருந்தில் வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த ஆணமும் வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பாத்திரத்தின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி எடுத்துச் சாப்பிட்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்றிலிருந்து தாமும் சுரைக்காயை விரும்பியதாகச் சொல்லியிருக்கிறார்கள். சஹனில் மரக்கறியைத் தேடுகிற கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். கஜுக்கறி வந்தது. நான் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் எனக்கு வலப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, கஜுவில் பாதியை வாரிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். ஊரில் மதிப்பான ஒரு காக்கா. என்னைப் பார்த்துத் தோழமையோடு சிரித்தார். "டொக்டர் இறைச்சிய நிற்பாட்டிட்டார் தம்பி. இனி நாம ரெண்டு பேரும் ஒரு செட்" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததாகக் கத்தரிக்காயை நோக்கிப் போனார். எதிரில் இருந்த நாலு பேரும் ஆறு பேரின் இறைச்சியைச் சந்தோசமாகப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ தட்டில் மிஞ்சியது அச்சாறு.

வளர்த்த உம்மாவும், மாமியும், மச்சானும், மனைவியின் பெரியப்பாவும் இத்தனை வருடமாக என் கோப்பைக்கு மேல் குனிந்து சொன்ன அந்த வார்த்தை, கொஞ்சமும் கூச்சமில்லாமல் என் வாயிலிருந்தே வந்தது. நல்ல கொழுத்த துண்டாகப் பார்த்து எடுத்து அவருடைய சோற்றுப் பக்கம் வைத்தேன்.

"எடுங்க காக்கா. ஒரு துண்டுதானே. டொக்டருக்கு என்ன தெரியும்?"